கசங்கின இடம் இரண்டு தரம் அடிக்கும்

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கை பழகட்டும் என்று, வெளிநாட்டு வேலைகளுக்கு இடையில் ஒரு சின்ன கேம் செய்யச் சொல்லி எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அலுவலகத்தில் இடைக்கிடை விடுவார்கள். இந்த முறை எடுத்தது கசெற் போட்டுப் படம் பார்க்கும் பழைய வீடியோ டெக். திரையில் படம் ஓடும், பனி மாதிரி ஒரு புள்ளிப்பட்டை ஏறி வரும், ட்ராக்கிங் குமிழைத் திருப்பி அதை வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான். டெக்கைக் கண்ணால் கண்டிராத பெடியள்தான் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் இருந்து எழுதினார்கள்.

பனியைக் காட்டுவது பெரிய வேலையில்லை. இப்போது கலியாண வீடியோவுக்கெல்லாம் அந்தப் பழைய கசெற் ஃபில்ற்றரைப் போட்டு விடுகிறார்கள், எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். முதல் வடிவத்தில் பட்டை நினைத்த நேரத்தில், நினைத்த இடத்தில் வந்தது. விளையாடிப் பார்த்த ஒரு தங்கச்சி, "இது லக் தானே அண்ணா" என்று போனைத் திருப்பித் தந்தாள். அவள் சொன்னது சரி. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய ஏறத்தாழ கால் விநாடி போய்விடும். எங்கள் ஊர் ரீவியின் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது விரல் அசைய முதலே ஐந்தாறு ஃப்ரேம் கடந்திருக்கும். முன்னுக்கு ஒரு குறிப்பும் காட்டாமல் அடித்தால் அது லொத்தர்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வீடு வீடாக வாடகைக்குக் கொண்டுபோய் விடிய விடியப் படம் ஓட்டிய ஒருவர் எங்களோடு வேலை செய்பவனின் பெரியப்பா. அவரிடம் போனைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "தம்பி, கசெற் கசங்கின இடத்தில ரெண்டு தரம் எல்லோ அடிக்கும்? முதல் படம், பிறகு சத்தம் இழுக்கும். உங்கட இது ஒருக்கா அடிச்சிட்டுப் போகுது" என்றார்.

பிறகுதான் டெக்கின் உள்ளமைப்பைத் தேடி வாசித்தோம். வி.எச்.எஸ். என்ற அந்த வீடியோ கசெற் வகையில் ரேப்பின் அகலம் 12.7 மி.மீ. அது விநாடிக்கு 23 மி.மீ. அளவில் ஊர்ந்துதான் போகும். ஆனால் அது சுற்றிப்போகும் உருளை நிமிடத்துக்கு 1500 தரம் சுழன்று, இரண்டு தலைகளால், அதாவது ரேப்பில் எழுதி வாசிக்கும் காந்த முனைகளால், படத்தைச் சாய்ந்த கோடு கோடாக எழுதும். இரண்டும் வெவ்வேறு கோணத்தில் எழுதுவதால், ஒரு தலை தவறிப் பக்கத்துக் கோட்டில் ஏறினால் படம் வராது, பனிதான் வரும். தலை எந்த நேரத்தில் கோட்டில் ஏற வேண்டும் என்பதை ரேப்பின் ஓரத்தில் பதிந்த துடிப்புகள் சொல்லும், அந்த நேரக் கணக்கை முன்பின்னாக நகர்த்துவதுதான் ட்ராக்கிங் குமிழ். அந்தத் துடிப்பையும் சாதாரண ஒலித்தடத்தையும் வாசிக்கும் தலை உருளைக்குப் பிறகு, கிட்டத்தட்ட எட்டு சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது. கசங்கின இடம் முதலில் உருளையில் பட்டுப் படத்தைக் கீறும், மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் கழித்து அங்கே போய்ச் சத்தத்தை இழுக்கும், அந்த நேரம் துடிப்பும் தவறினால் ட்ராக்கிங்கே கழன்றுவிடும். பெரியப்பா சொன்ன இரண்டாவது அடி அதுதான்.

அதன் பிறகு ரான்டமை முழுக்கத் தூக்கிவிட்டு, தலைக்கும் கோட்டுக்கும் உள்ள விலகல் என்ற ஒரே எண்ணிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தோம். பட்டை எங்கே நிற்கும், எந்தப் பக்கம் நகரும், எவ்வளவு தடிப்பாக இருக்கும் எல்லாமே அதிலிருந்துதான். முதல் கீறல் சின்னது, அதைக் கண்டவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டு குமிழில் விரலை வைத்திருப்பார். வேகத்தைக் கூட்டவே இல்லை, ஆனால் கேம் இறுகிவிட்டது. தோற்றவர்கள் கேமைத் திட்டவில்லை, தங்களைத்தான் திட்டினார்கள், எனக்கு அது போதும்.

மூன்றாம் கட்டத்துக்குக் கனடாவிலிருந்து வந்த கலியாணக் கசெற். அங்கே அந்தக் காலத்தில் என்.ரி.எஸ்.சி. என்ற வேறு ஒளிபரப்பு முறை, அதில் ரேப் விநாடிக்கு 33 மி.மீ. ஓடும், ஆகவே அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை விநாடிதான். மூன்று எண்ணிப் பழகினவர்கள் எல்லாரும் அதில் விழுகிறார்கள். இதை யோசித்தது அந்தத் தங்கச்சிதான், எனக்கு வந்திருக்காது.

இப்போது மிச்சமிருக்கிற தொல்லை புளூடூத் ஹெட்செற். அதில் சத்தம் பிந்தி வருவதால் இரண்டாவது அடிக்குக் காது கொடுத்திருப்பவர் தோற்றுப்போகிறார். தொடக்கத்தில் ஒரு பீப் அடித்து, கேட்டதும் தட்டச் சொல்லி, பிந்துகிற அளவைக் கழிக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம். மேலாளர் இடையில் விளம்பரம் போடலாமா என்று கேட்கிறார், அதுக்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.