சிவப்பு எழுத்தை வாசிக்காமல் அழிக்காதீர்கள்

உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுத்த தம்பி தங்கைகள் ஹட்டன், கொட்டகலைப் பக்கத்திலிருந்து என்னிடம் பைதன் நிரல்மொழி கேட்டு வருகிறார்கள். ஆரம்பத்தில் அநேகமாக எல்லோரும் செய்வது ஒன்றுதான். நிரலை ஓடவிட்டதும் சிவப்பில் வழுச் செய்தி ஏதாவது வந்தால், வாசிக்காமலேயே முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பார்கள். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு ஒரேயடியாக ஆறேழு வரி ஆங்கிலம் வந்து விழுந்தால் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வரிகளில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சச் சொற்கள்தான். ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் சீக்கிரமே பழகிவிடும்.

கடைசி வரியை முதலில் வாசியுங்கள். என்ன வழு, அதாவது என்ன பிழை, என்பது அங்கேதான் இருக்கும். எத்தனையாவது வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். நேம் எரர் என்றால் அந்தப் பெயர் பைதனுக்குத் தெரியாது. எழுத்து பிசகியிருக்கும், அல்லது பெறுமானம் கொடுக்க முன்பே மாறியை (பெறுமானத்தை வைத்திருக்கும் பெயரை) பயன்படுத்தியிருப்பீர்கள். போனில் அடித்துப் பழகுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: விசைப்பலகை தானாகவே முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கும். திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் நேம் எரர்தான். டைப் எரர் என்றால் தரவு வகை (எண்ணா, எழுத்தா என்பது) பொருந்தவில்லை. வேல்யூ எரர் என்றால் வகை சரி, உள்ளே இருப்பது சரியில்லை. எண் கேட்ட இடத்தில் "12 கிலோ" என்று கொடுத்தால் இதுதான் வரும்.

சின்டெக்ஸ் எரர், அதாவது மொழியின் எழுதும் விதி பிசகிய வழு, வந்தால் மட்டும் காட்டிய வரியோடு நிற்காதீர்கள், அதற்கு முந்திய வரியையும் பாருங்கள். நான்காவது வரியில் மூடாமல் விட்ட அடைப்புக்குறிக்கு, பழைய பைதன் ஐந்தாவது வரியைக் காட்டும். 2021 ஒக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்துதான் அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகவே சொல்கிறது. விண்டோஸ் 7 உள்ள கணினியில் 3.8-க்கு மேல் போக முடியாது. பழைய கணினியில் படிக்கிற பிள்ளைக்குத்தான் செய்தியும் மங்கலாக வருகிறது. உங்களுக்கு விளங்கவில்லை என்றால் அது உங்கள் குறையல்ல.

அண்ணன் அக்காமாரிடமிருந்து கைமாறி வரும் போட்டோகொப்பிக் குறிப்புகளிலும் கவனம் தேவை. பிரின்ட்டுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைதன் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும். இப்போதைய பைதனில் 3.5. சிவப்பு எழுத்தே வராமல் விடை மட்டும் மாறுகிற இடம் இது.

உண்மையில் பயப்பட வேண்டியது இந்த மாதிரி வழுவுக்குத்தான். தேயிலைக் கொழுந்து நிறுவைக்கு ஒரு நிரல் எழுதுவோம். காலை நிறுவை 18, பின்னேரம் 7. நாம் அடிப்பதை வாங்கும் இன்புட் மூலம் இரண்டையும் வாங்கிக் கூட்டினால் 25 வராது, 187 வரும். இன்புட் எதை வாங்கினாலும் சரமாகத்தான், அதாவது எண்ணாக அல்லாமல் எழுத்துகளின் தொடராகத்தான், தரும். இரண்டு சரத்தைக் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இதைவிட மோசமானது ஒப்பிடும்போது நடப்பது. முழுப் பேருக்கு (ஒரு முழு நாள் சம்பளத்துக்கு) 18 கிலோ என்று வையுங்கள். 9 கிலோ எடுத்தவருக்கு முழுப் பேரா, அரைப் பேரா என்று கேட்டால் இந்த நிரல் முழுப் பேர் என்று சொல்லும். சரங்களை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதால் 9 என்பது 1-ஐ விடப் பெரிது, அதோடு முடிவு. வாங்கும்போதே இன்ட் போட்டு நிறையெண்ணாக மாற்றியிருந்தால் இரண்டும் சரியாகிவிடும். தசம நிறுவை வருமென்றால் ஃபுளோட் போடுங்கள்.

இப்படிப்பட்ட வழுவைப் பிடிக்கக் கணினியே தேவையில்லை. ஒரு தாளில் மாறிகளின் பெயர்களை மேலே எழுதி, ஒவ்வொரு வரி முடிந்ததும் பெறுமானம் என்ன என்று கீழே கீழே எழுதிக்கொண்டு வாருங்கள். எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சுக்கு 1, 5 என்று கொடுத்தால் 4-உடன் நின்றுவிடும் என்பது கையால் எழுதும்போதுதான் மனதில் பதியும். பரீட்சை மண்டபத்தில் கணினி கிடையாது, "இந்த நிரலின் வெளியீடு யாது" என்ற கேள்விக்கு இதே அட்டவணைதான் கைகொடுக்கும். அதனால் இதைத் தினமும் செய்யச் சொல்கிறேன்.

அப்புறம், கோப்புக்கு ரேண்டம் என்றோ டேர்ட்டில் என்றோ பெயர் வைக்காதீர்கள். அந்தப் பெயரில் பைதனிலேயே தொகுதி (தயாராக எழுதி வைத்த நிரல்) இருக்கிறது. அந்தத் தொகுதியை இம்போர்ட் செய்து உள்ளே எடுக்கப் பார்த்தால் உங்கள் கோப்பையே எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத வழு ஒன்றைக் காட்டும்.

யாரிடமாவது உதவி கேட்பதென்றால் "ஓடவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். நிரல் முழுவதையும், வழுச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும், நீங்கள் கொடுத்த உள்ளீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். திரையைப் படம் எடுத்தால் அந்தக் கடைசி வரிதான் வெட்டுப்படுகிறது, அனுப்ப முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.