பதினாறு அரசர்கள் உட்கார்ந்த கல்

2012-ல் அமெரிக்காவில் ஒரு அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக வேலை பார்த்தேன். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் தொல்குடிகளான மாயா மக்களின் காலக்கணக்கையும் அரசர்களையும் பற்றிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 21-ஓடு மாயா நாட்காட்டி முடிகிறது, உலகமும் முடிந்துவிடும் என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டிசம்பர் 21-ல் உலகம் அழிந்துவிடுமா?"

சரி என்று அங்கிருந்தே தொடங்குவேன். 20 நாள் ஒரு வினால். 18 வினால் ஒரு துன். 20 துன் ஒரு கத்துன், 20 கத்துன் ஒரு பக்துன். கி.மு. 3114-ல் தொடங்கிய எண்ணிக்கையில் அன்று 13 பக்துன் நிறைகிறது, அவ்வளவுதான். பலெங்கே நகரத்துக் கல்வெட்டு ஒன்று, பகால் அரசன் பட்டமேற்ற நாளின் நினைவு கி.பி. 4772-ல் திரும்ப வருவதைக்கூடக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. உலகம் முடியப்போகிறது என்று நம்பியவர்கள் அப்படி எழுதியிருப்பார்களா?

அப்புறம் எல்லோரையும் என் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு அழைத்துப் போவேன். ஹோண்டுராஸின் கோப்பான் என்ற பழைய மாயா நகரத்தில் 'கியூ' (Q) என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட பீடத்தின் நகல் அது. சதுரக் கல், பக்கத்துக்கு நான்கு பேராக 16 பேர். வானியல் அறிஞர்கள் கூடிப் பேசும் காட்சி என்றுதான் ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் நினைத்தார்கள். கல்வெட்டுத் தேதிகள் அரசர்களின் பிறப்பையும் பட்டாபிஷேகத்தையும் சொல்கின்றன என்று 1960-ல் மாயா ஆய்வாளர் தத்தியானா புரோஸ்கூரியாக்கோஃப் காட்டிய பிறகு பார்வையே மாறியது. இந்த 16 பேரும் ஒரே அரச வம்சம். 426-ல் ஆட்சிக்கு வந்த முதல் அரசன், 776-ல் இந்தக் கல்லை வைத்த 16-ஆவது அரசனிடம் செங்கோல் நீட்டுகிறான். நடுவில் 350 ஆண்டுகள்!

வரிசையில் 13-ஆவது ஆளிடம் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். தனக்குக் கீழிருந்த கிரிகுவா நகரத்து அரசனிடமே 738-ல் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டவன். அந்த அவமானத்தின் சுவடே கல்லில் இல்லை. மற்றவர்களைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். பேரன் பேத்திகள் பார்க்கும் குடும்பப் படத்தில் யாரையும் விட்டுவிட மனம் வராதல்லவா?

இதே மாதிரி இன்னொரு பீடத்தை 822-ல் அடுத்து வந்தவன் செய்யத் தொடங்கினான். ஒரு பக்கம்தான் முடிந்தது. பிறகு கோப்பானில் அரச வம்சமே இல்லை.

டிசம்பர் 21 அன்று காலை, கதவு திறக்குமுன், துப்புரவுப் பிரிவில் இருந்த குவாத்தமாலா அம்மாவிடம், "இன்று என்ன நாள் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் மாயா மக்களில் கிச்சே இனத்தவர். அவர்கள் மலையூர்களில், 13 எண்களையும் 20 நாள் பெயர்களையும் சேர்த்து எண்ணும் 260 நாள் கணக்கு இன்றும் நடக்கிறது. விரல் விட்டு எண்ணிவிட்டு, "கஜிப் அஜ்பூ" என்றார்.

நான்கு அஜ்பூ. எங்கள் சுவர்ப் பலகையில் அதே நாளைப் பழைய எழுத்தில் 'நான்கு அஹாவ்' என்று போட்டிருந்தோம். அஹாவ் என்றால் அரசன். கத்துன் எப்போது முடிந்தாலும் அஹாவ் நாளில்தான் முடியும்; அந்த நாளுக்காகத்தான் அரசர்கள் கல்தூண்களை நட்டார்கள். பலகையை அவரிடம் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, நான்கு என்ற எண்ணைக் குறிக்கும் நான்கு புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.