ஊதுற ரூம் டைரி

நவம்பர் 4, 2024

தீபாவளிப் புகை அடங்குவதற்குள் இருமல் கூட்டம் வந்துவிட்டது. அதில் நாலு வயது வாண்டு ஒன்று. சீட்டில் ஸ்பைரோமெட்ரி என்று எழுதியிருந்தது, அதாவது பலமாக ஊத வைத்து நுரையீரலை அளக்கிற டெஸ்ட். மூச்சை இழுக்கச் சொன்னால் ஊதுகிறான், ஊதச் சொன்னால் மவுத்பீஸைக் கடிக்கிறான். திரையில் மெழுகுவத்தி போட்டுக் காட்டினேன். ஒரே ஊதில் அணைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். சிக்கலே அங்கேதான். மெழுகுவத்தி வேகமாக ஊத வைக்கும்; நெஞ்சில் காற்று தீரும்வரை ஊத வைக்காது. அதற்குப் பந்து உருட்டுகிற விளையாட்டுதான் சரிப்படும்.

முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதைத்தான் பெரியவர்களுக்கு முக்கியமாகப் பார்ப்போம். இந்த வயதில் நுரையீரலே ஒரு நொடிக்குள் காலியாகிவிடலாம். அதனால் அரை நொடி, முக்கால் நொடிக் கணக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிற டாக்டர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இவன் ஊதியதில் ஒரு கோடுகூட ஒழுங்காக வரவில்லை. எண் இருக்கிறதே என்று அதை அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நவம்பர் 5

அதே பையன், இன்று ஆசிலோமெட்ரி. பலமாக ஊத வேண்டியதில்லை. மூக்கில் கிளிப், வாயில் மவுத்பீஸ், சும்மா மூச்சு விட்டால் போதும். மெஷின் மெல்லிய அதிர்வுகளை உள்ளே அனுப்பி, மூச்சுக்குழாய் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு 16 விநாடிப் பதிவு போதும். கன்னத்தை மட்டும் யாராவது அமுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் ஒரு பங்கைக் கன்னமே விழுங்கிவிடும். அம்மா பிடித்துக்கொண்டார்.

"காலைல இன்ஹேலர் பஃப் கொடுத்தீங்களாம்மா?"

"இல்லக்கா, வேணாம்னு நீங்க சொன்னீங்கல்ல."

பிறகு இன்ஹேலரில் ஸ்பேசர் என்கிற குழாயை மாட்டி, மூச்சுக்குழாயை விரிக்கிற சால்புட்டமால் மருந்து 4 பஃப், கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி அளவு. 5 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஐந்து முறை அதிரும்போது, இருக்கிற எதிர்ப்பு 40 சதவீதம் குறைந்தாலே மருந்துக்குக் கேட்கிறது என்போம், இவனுக்குப் பாதியாகிவிட்டது. இத்தனைக்கும் ஐந்து வயதுக்குக் கீழே டாக்டர்கள் ஆஸ்துமாவை முடிவு செய்வது பெரும்பாலும் பெற்றோர் சொல்வதைக் கேட்டுத்தான். என் பேப்பர் அதற்குப் பக்கவாத்தியம்.

நவம்பர் 8

விடாத மழை. காலையில் ஊதுற மெஷினை 3 லிட்டர் காற்று தள்ளும் சிரிஞ்சை வைத்துச் சரிபார்த்தால் அளவு 3 சதவீதத்துக்கு மேல் விலகிற்று. ஃபில்டரை மாற்றியதும் சரியானது.

நவம்பர் 12

ஏழு வயதுப் பிள்ளை, கூட அப்பத்தா. பிள்ளை அட்டகாசமாக ஊதினாள். எல்லாம் நார்மல், பஃப் கொடுத்த பிறகும் பெரிய மாற்றமில்லை.

"அப்ப இளைப்பு இல்லைன்னு எழுதிக் குடுத்துரு தாயி."

"நல்லா இருக்கிற அன்னைக்கு ஊதினா நல்லாத்தான் வரும் அப்பத்தா. இளைப்பு இல்லைன்னு இத வச்சுச் சொல்ல முடியாது. ராத்திரி எப்படி?"

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவது, ஓடினால் நெஞ்சில் விசில் சத்தம், சின்ன வயசில் சொறி, பிள்ளையின் அப்பாவுக்கும் இதே பாடு என்று வரிசையாக வந்தது. சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதி டாக்டரிடம் அனுப்பினேன். இழுப்பு இருக்கும்போது ஒருமுறை ஊதிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆனா ரொம்ப இழுத்தா டெஸ்டுக்குன்னு காத்திருக்காதீங்க, முதல்ல பஃப் கொடுங்க" என்றேன்.

"அன்னைக்கும் காசு கட்டணுமா?"

கட்டணும்தான்.