சர்வீஸ் சென்டர் 180 கிலோமீட்டர் தள்ளி

எலக்ட்ரிக் கார் வாங்கும்போது எல்லாரும் ரேஞ்ச் எவ்ளோ, அதாவது ஒரு சார்ஜ்ல எவ்ளோ தூரம் ஓடும்னுதான் கேட்டாங்க, சர்வீஸ் சென்டர் எவ்ளோ தூரம்னு ஒருத்தரும் கேக்கல, நானும் யோசிக்கல. கிட்டத்துல இருக்கறதே 180 கிலோமீட்டர். வேலை கம்மிதான், இன்ஜின் ஆயில் கிடையாது, ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே வண்டிய இழுத்துப் பிடிச்சு பேட்டரிய சார்ஜ் பண்றது) இருக்கறதால பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது.

ஆனா ஒருநாள் காலைல கதவே திறக்கல. பெரிய பேட்டரில 70 சதவீதம் சார்ஜ் இருக்கு, வண்டி செத்த மாதிரி நிக்குது. காரணம், கதவு லாக், லைட்டுக்கெல்லாம் கரண்ட் குடுக்கற தனி குட்டி 12 வோல்ட் பேட்டரி! அது இறங்கிட்டா பெரிய பேட்டரிய மோட்டாரோட இணைக்கற கான்டாக்டர்ங்கற பெரிய சுவிட்ச் வேலை செய்யாது, உள்ள எவ்ளோ கரண்ட் இருந்தும் பிரயோஜனமில்ல. ரிமோட்டுக்குள்ள இருக்கற சின்ன சாவிய உருவி கதவத் திறந்து, ஜம்ப் ஸ்டார்ட்டர (வெளியிலேர்ந்து கரண்ட் குடுக்கற கையடக்க பேட்டரி) அந்த குட்டி பேட்டரில மாட்டுனதும் டேஷ்போர்டுல லைட் வந்துச்சு பாருங்க, போன உசுரு திரும்பி வந்துச்சு.

இப்போ மல்டிமீட்டர் வண்டிலயே இருக்கு, வாரம் ஒருதடவ அந்த குட்டி பேட்டரியோட வோல்டேஜ் பாத்துடுவேன்.

இன்னொண்ணு, நின்னுபோன வண்டிய எடுத்துட்டுப் போகணும்னா ஃப்ளாட்பெட்ல (வண்டிய முழுசா மேல ஏத்திக்கற தட்டையான லாரி) ஏத்தச் சொல்லுங்க, கயிறு கட்டி இழுக்க விடவே விடாதீங்க, சக்கரம் சுத்துனா மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி கரண்ட் உண்டாக்கும், எலக்ட்ரானிக்ஸ் போயிடலாம்.