மெட்டு உருவாகும் நேரம்

பேஸ் கிட்டாரைச் சாதாரண கிட்டார்போல வேகமாக மீட்டியபடி, சொற்களே இல்லாமல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி எதையோ முனகிக்கொண்டிருக்க, எதிரே அமர்ந்திருக்கும் குழுத் தோழர் ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். இன்னொரு உறுப்பினரான ஜான் லென்னன் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த முனகல்தான் சில நிமிடங்களில் ‘கெட் பேக்’ பாடலின் மெட்டாகிறது. ‘தி பீட்டில்ஸ்: கெட் பேக்’ ஆவணப்படத்தில் வரும் இந்தக் காட்சியை இன்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவினர் புதிய பாடல்களை உருவாக்கிய நாட்களில் எடுக்கப்பட்ட சுமார் 60 மணி நேரக் காட்சிகளிலிருந்து, இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021-இல் தொகுத்து வெளியிட்ட ஆவணப்படம் இது. ஒரே தடத்தில் பதிவாகியிருந்த ஒலியிலிருந்து பேச்சையும் இசைக்கருவிகளையும் கணினியின் துணையோடு பிரித்தெடுத்திருப்பதால், கிட்டார் சத்தத்துக்கு அடியில் புதைந்துகிடந்த உரையாடல்கள்கூடத் தெளிவாகக் கேட்கின்றன.

நடுவில் ஹாரிசன் குழுவை விட்டே வெளியேறிப் பிறகு திரும்பி வருகிறார். குழுவுக்கு வெளியிலிருந்து வந்து சேரும் இசைக்கலைஞர் பில்லி பிரஸ்டன் மின்பியானோவில் விரல் வைத்ததும் எல்லோருடைய முகமும் மலர்ந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.

முடிந்த பாடலை மட்டும் கேட்டுப் பழகிய நாம், அதற்குப் பின்னால் இத்தனை சலிப்பும் தடுமாற்றமும் இருந்திருக்கும் என்று எண்ணுவதே இல்லை. ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடும் படம் என்று சிலர் குறைப்படுகிறார்கள். அந்தக் காத்திருப்பை நாமும் உணர, அவ்வளவு நீளம் தேவைப்படுகிறது என்றே நான் நம்புகிறேன்.