அம்மம்மாவும் போன் கமராவும்

நேற்றிரவு ‘டிக் ஜோன்சன் இஸ் டெட்’ (2020) பார்த்தேன். கேர்ஸ்டன் ஜோன்சன் தன் அப்பாவை வைத்து எடுத்த ஆவணப்படம். மனநல மருத்துவராக இருந்தவருக்கு மறதி நோய். மகள் அவரை விதவிதமாகச் ‘சாகடித்து’ப் படமாக்குகிறார், ஒருமுறை தலையில் ஏசிப் பெட்டி விழுகிறது. அப்பாவும் சிரித்துக்கொண்டே ஒத்துழைக்கிறார்.

எங்கள் வீட்டில் இப்படிக் கேட்டால் விளக்குமாறு பறக்கும். சரி, சாகடிக்காமலே எடுப்போம் என்று இன்று காலை கிளிநொச்சி வீட்டு மாமரத்தடியில், தேங்காய்த் திருவலையில் இருந்த அம்மம்மாவுக்கு முன்னால் போனை நிறுத்திவைத்தேன்.

அம்மப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அல்பம் இருந்த பெட்டியை 2009 போரில் ஒரு பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) விட்டுவிட்டு ஓடினோம். உடுப்புப் பை மட்டும் மெனிக் பாம் அகதி முகாம்வரை வந்தது. (எதை எடுப்பது என்று அப்போது யார் யோசித்தது?)

“அம்மப்பா எப்பிடி இருப்பார் அம்மம்மா?”

“உன்ர மாமன்ர மூக்குத்தான். கோவம் வந்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு இரணைமடுக் குளத்துக்குப் போயிடுவார். திரும்பி வரேக்க கையில மீன் இருக்கும். அதுக்குப் பிறகு ஆர் கோவிக்கிறது?”

அப்புறம் பேச்சே இல்லை. தேங்காய் திருவும் சத்தமும் பக்கத்து வீட்டுச் சேவலும்தான். 4 நிமிடம். அந்த இடத்தை வெட்டப் போவதில்லை.

கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

“உதை நிப்பாட்டிப்போட்டு வந்து பாலைப் பிழி பிள்ளை.”