‘கூலி’ என்று எழுதியிருந்த பக்கம்

பல்லாவரம் பக்கத்தில் நான் படித்த அரசுப் பள்ளியின் ஆண்டு விழா மலருக்குப் பள்ளி வரலாற்றை எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் கேட்டார்கள். 1981இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1986இல் பத்தாம் வகுப்பு முடித்து வெளியே வந்தவள் நான். தலைமை ஆசிரியர்களின் பெயர்ப்பலகையும் நாலைந்து பழைய புகைப்படங்களும் இருந்தால் இரண்டு பக்கம் எழுதிவிடலாம் என்று நினைத்துப் போனேன். அலுவலகப் பீரோவின் அடித்தட்டிலிருந்து சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து என் முன் வைத்தார்கள். மூன்று நாள் அந்த நாற்காலியை விட்டு என்னால் எழ முடியவில்லை.

மிகப் பழைய பதிவேட்டின் அட்டையில் ‘ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளி’ என்று இருக்கிறது. ஜில்லா போர்டுகள் கலைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு அது இன்றும் ‘போர்டு ஸ்கூல்’தான். உள்ளே முத்திரைகள் மாறிக்கொண்டே போகின்றன. செங்கல்பட்டு மாவட்டம், பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997க்குப் பிறகு காஞ்சிபுரம், 2019இல் மறுபடியும் செங்கல்பட்டு. பள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள். பழைய பக்கங்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் தேதி குறித்து வைக்காத பிள்ளைகளுக்கு, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியாரே வைத்த பிறந்த நாள் அது. அந்தத் தேதிதான் பிறகு வேலைக்கும் ஓய்வுக்கும் கணக்கு. நான் பெயர்களைக் குறிக்கவில்லை. ‘பெற்றோர் தொழில்’ என்ற ஒரே கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊரின் கதை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கங்களில் விவசாயம், மாட்டு வியாபாரம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாடு விற்றவர்களாக இருக்க வேண்டும். பிறகு ரயில்வே கலாசி, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுமை தூக்குபவர், தோல் ஷெட். பம்மல், நாகல்கேணி பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் வாடையைத் தாண்டித்தான் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கு வந்தார்கள். எண்பதுகளின் பின்பாதியில், தாம்பரம் ஏற்றுமதி வளாகம் வந்த பிறகு, தாயின் தொழிலும் எழுதப்படத் தொடங்குகிறது: தையல். அதற்கு முன்பு அம்மாக்கள் எல்லோரும் ‘வீட்டு வேலை’. என் அம்மா ஜல்லிக்கூடை சுமந்தவள், அவளும் அப்படியே.

1981ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திருப்பும்போது எனக்குக் கை நடுங்கியது. என் பெயருக்கு நேரே, அப்பாவின் தொழில்: ‘கூலி’. அதற்கு மேலே ஏழு பேருக்கும் ‘கூலி’, கீழே ஐந்து பேருக்கும் ‘கூலி’. எழுதியவர் அலுத்துப்போய், பிற்பாதியில் மேற்படிக் குறி போட்டுவிட்டார்.

அப்பா கல்குவாரியில் வேலை செய்தார். சம்மட்டியைத் திருப்பிப் பிடித்துப் பாறையை மெல்லத் தட்டுவார். தலையைச் சாய்த்து அந்த ஓசையைக் கேட்பார். நான்கு விரற்கடை தள்ளி மறுபடியும் தட்டுவார். பிறகு ஒரு இடத்தில் கரித்துண்டால் கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேல் உளியால் குழி எடுத்து ஆப்பு இறக்கினால், ஆள் உயரக் கல் ரொட்டியைப் பிட்டதுபோல் பிளக்கும். கோடு தப்பி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் வைத்த பெயர். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் அந்தக் கல்தான். நிலவியலாளர்கள் பெயர் வைத்த கல்லைக் காதால் படிக்கத் தெரிந்தவரைப் பள்ளிப் பதிவேடு கூலி என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

இந்தக் கல்லைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததும் அதே பள்ளிதான். எங்கள் வரலாற்று வாத்தியார் ஒன்பதாம் வகுப்பை ஆண்டுதோறும் ஒருநாள் நடத்தியே ஊர் சுற்றிக் காட்டுவார். அவருக்கு முன்பிருந்தவர் தொடங்கி வைத்த வழக்கம் என்பார். முதலில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை. இன்று அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போவோம். உத்திரத்தில் மன்னனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். அவர் விரலை நீட்டாமல், தலையசைத்து மட்டும் காட்டுவார். தொழுகைக்கு வந்தவர்கள் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள். பிறகு வெட்டவெளிக்கு அழைத்து வந்து, 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இந்தப் பல்லாவரத்தில் சரளைக்குழி ஒன்றில் கற்கோடரியைக் கண்டெடுத்ததைச் சொல்வார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்குகிறது. “முதன்முதலில் கல்லை உடைத்துக் கருவி செய்தவனும் நம் ஊர்க்காரன்தான்” என்று சொல்லிவிட்டு, அவர் என்னைப் பார்த்தார். அப்பாவின் வேலை அவருக்குத் தெரியும். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் நான் மேலே படித்தேன்.

மதிய உணவு பற்றியும் எழுத வேண்டும். சத்துணவு 1982இல் வந்தபோது அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் வயதுக்கு 1984 செப்டம்பரில்தான் வந்தது. அதுவரை மதிய மணி அடித்ததும் குழாயடிக்குப் போய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, தூங்குமூஞ்சி மரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வோம். படிக்கிற பிள்ளைகள் என்று எங்களுக்குப் பெயர். சத்துணவு வந்த முதல் வாரம் மரத்தடி காலியாக இருந்தது. அப்போதுதான் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்பது எங்களுக்கே தெரிந்தது.

எங்கள் பள்ளிக்கு வெளியில் சொல்லிக்கொள்ளும்படி வழக்கங்கள் அதிகமில்லை. சேர, சோழ, பாண்டிய, பல்லவ அணிகள் உண்டு. ஊர்ப்பெயரால் எல்லோருக்கும் பல்லவர் அணிமேல் ஆசை. படித்து முடித்துப் போகும் வகுப்பு பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தரும். மின்விசிறி இறக்கைகளில் ‘உபயம்: 10 ஆ’ என்று ஆண்டோடு எழுதியிருக்கும், விசிறி நின்றால்தான் படிக்கலாம். எங்கள் வகுப்பு எவர்சில்வர் தண்ணீர் டிரம் வாங்கித் தந்தது. அது இன்னும் ஒழுகாமல் இருக்கிறது.

ஆனால் தண்டவாள மணியைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு வேப்பமரத்தில் கம்பியில் தொங்கும். பொதுத் தேர்வின் கடைசி நாளன்று பத்தாம் வகுப்பினர் வரிசையாக வந்து, ஆளுக்கு ஓர் அடி அடித்துவிட்டு வாசலைத் தாண்ட வேண்டும். மின்சார மணி வந்த பிறகும், அந்த ஒரு நாளுக்காக அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதை அடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் பெரியவளானாள், அதோடு நின்றுவிட்டாள். பதிவேட்டில் அவள் வரியின் மேல் சிவப்பு மைக்கோடு, ஓரத்தில் ‘நீண்ட நாள் வராமை’. அப்படிச் சிவப்புக் கோடு விழுந்தவர்கள் அந்த ஆண்டுகளில் பக்கத்துக்கு நாலைந்து பேர். பெரும்பாலும் பெண்கள். இப்போதைய பக்கங்களில் சிவப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மலரில் நான் முதலில் எழுதப் போவது இதைத்தான்.

மூன்றாம் நாள் மாலை, ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். அந்தப் பெண் இங்கே தொடக்கப் பள்ளியில் படித்தவள். அப்பாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் நின்று, தெளிவான தமிழில் மொழிபெயர்த்தாள். கணினியில் பதிந்து முடித்துவிட்டு, டீச்சர் பதிவேட்டையும் எடுத்து வைத்தார்.

“அப்பா என்ன வேலை செய்கிறார்?”

அவள் அப்பாவைக் கேட்காமலே சொன்னாள்: “கூலி வேலை, டீச்சர்.”

நான் குறுக்கே பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் பேசிவிட்டேன். “என்ன கூலி வேலை என்று கேளம்மா” என்றேன். அவள் திரும்பி ஒடியாவில் கேட்டாள். அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, அலுவலகத் தரையை உள்ளங்கையால் தடவினார். ஒரு டைல்ஸின் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டி, மேடு தட்டிய இடத்தில் நிறுத்திக் காட்டி ஏதோ சொன்னார்.

“இதைப் போட்டவர்கள் மட்டம் பார்க்கவில்லையாம்” என்றாள் மகள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே ‘டைல்ஸ் பதிப்பவர்’ என்று எழுதினார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வட்ட வட்டமான ஒடியா எழுத்துகளில், அவசரமில்லாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.